நாலாம் வார்த்தை

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர். புனித வெள்ளி பெரும்பாலும் ஏப்ரலில் வரும். அந்த மாதத்தில் குற்றாலத்துக்குப் போகிறவருக்கு அங்கே பார்க்க எதுவும் இருக்காது. பேரருவி விழுகிற இடத்தில் கறுத்த பாறை மட்டும் நிற்கும். உற்றுப் பார்த்தால் பாறையின் ஒரு மடிப்பில் தண்ணீர் நூலாக இறங்குவது தெரியும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். சிப்ஸ் கடைகளில் பாதி மூடியிருக்கும். குரங்குகள் மட்டும் சீசன் என்றும் ஆஃப் சீசன் என்றும் பார்ப்பதில்லை.

அதே வெள்ளிக்கிழமை, தென்காசி வட்டாரத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை நடக்கும். (எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம்.) சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் செய்தி கொடுப்பார்கள். யாருக்கு எந்த வார்த்தை என்று ஐயர் முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவார். முதல் வார்த்தையில் மன்னிப்பு இருக்கிறது, இரண்டில் பரதீசு, மூன்றில் தாய்ப்பாசம். பேசுகிறவர்களுக்கு இவை எளிது. நாலாம் வார்த்தையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. தேவன் தன்னை ஏன் கைவிட்டுவிட்டார் என்று மகன் கேட்கிற இடம் அது. ஆனால் மத்தேயுவும் மாற்கும் சிலுவையிலிருந்து பதிவு செய்திருப்பது இந்த ஒரே வார்த்தையைத்தான். மற்ற ஆறும் லூக்காவிலும் யோவானிலும் இருப்பவை. முதலில் எழுதப்பட்ட சுவிசேஷம் மாற்கு என்று பெரும்பாலான வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். அதில் இயேசு சிலுவையில் பேசுவது இந்தக் கேள்வி ஒன்றுதான்; அதற்கு வானத்திலிருந்து பதிலும் இல்லை.

இந்த வார்த்தைக்குச் செய்தி கொடுப்பவர்கள் எங்கள் ஊரில் ஓர் உவமை வைத்திருக்கிறார்கள். மூன்று தடவையாவது கேட்டிருப்பேன். "இப்ப குத்தாலத்துக்குப் போய்ப் பாருங்க, வெறும் பாறை. அதுக்காக அருவி செத்துப்போச்சின்னு சொல்லுவீங்களா? ஜூன் மாசம் சாரல் விழட்டும், அப்பப் பாருங்க." சின்ன வயதில் இது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது பிடிக்கவில்லை. குற்றாலத்துக்கு ஜூன் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஒரு வருஷம் பிந்தலாம், ஒரு வருஷம் மெலியலாம், ஆனால் மொத்தமாக வராமல் போவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அப்படி ஒரு ஜூனைத் தேதி குறித்துக் கொடுக்க யாரால் முடியும்? போதாததற்கு, 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்னரே, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் வராததுதான் துன்பம், வந்துவிட்டால் எல்லாம் சரி என்கிற கணக்கு அருவிக்கே பொருந்தவில்லை.

தேவன் இருக்கிறார் என்று நம்புகிறவர், அவர் தன்னோடு இல்லை என்று உணரும்போது என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நம் சபைகளில் அவசரமான பதில்கள்தான் புழங்குகின்றன. இந்த மண்ணிலும் இதற்கு வெளியிலும் இதைச் சுமந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், அந்தப் பதில்களைவிடப் பழையதும் கனமானதுமான ஒரு வழக்கம் தெரிகிறது.

முதலில் நம்மிடம் இருக்கும் சொற்களைப் பார்ப்போம். சோதனை, பின்மாற்றம், அவிசுவாசம், அறிக்கையிடாத பாவம். தேவன் தூரமாகத் தோன்றுகிறார் என்று ஒருவர் சொன்னால், இந்த நான்கில் ஒரு டப்பாவுக்குள் அவரைப் போட்டு மூடிவிடலாம். நான்குமே குறையை அவர் பக்கம் தள்ளுபவை. சும்மா, காரணம் தெரியாமல், தேவன் மௌனமாக இருக்கிறார் என்று சொல்ல நம் ஜெபக்கூட்ட மொழியில் வார்த்தை இல்லை. சனங்கள் தாங்களாகவே ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். என் அத்தை சொல்வாள்: "ஜெபம் மேல போவ மாட்டேங்குய்யா. ஓட்டுல முட்டிட்டுத் திரும்பி வந்துருது."

அத்தை பாவூர்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். பீடி சுற்றுகிறவள். ஆலங்குளத்திலிருந்து தென்காசி வரை வீட்டுக்கு வீடு பெண்களுக்கு அதுதான் வேலை. மடியில் சுளகு, அதில் ஈரத்துணிக்குள் சுற்றிய இலை, ஒரு ஓரத்தில் தூள், கத்தரி, நூல்கண்டு. இலையை அளவுக்கு வெட்டி, தூள் வைத்து உருட்டி, தலையை மடக்கி, நூல் சுற்றி இறுக்க அவளுக்குக் கண் தேவையில்லை, விரல் பார்த்துக்கொள்ளும். அதனால் சுற்றும்போதே ஜெபிப்பாள். மகனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது அந்தச் சுளகின் மேல் எத்தனை ஆயிரம் ஜெபம் விழுந்திருக்கும் என்று கணக்குப் பார்க்க முடியாது. உபவாச ஜெபம் வைத்தார்கள். அந்த வருஷப் பிறப்பு ஆராதனையில் அவளுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் சுகத்தைப் பற்றிய வசனம் இருந்தது. அதை அவன் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினாள். ஐப்பசி மழையில் அவனை அடக்கம் பண்ணினோம். மூன்றாம் மாதம் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்து, விசுவாசம் கொஞ்சம் பத்தவில்லை என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகும் அத்தை கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. பாடுவதை நிறுத்திவிட்டாள். அந்த அட்டையைக் கிழிக்கவும் இல்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது, வெள்ளையடிக்கும்போது அதைச் சுற்றிவிட்டு அடிக்கிறார்கள்.

அவளை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிட்டதில்லை. சாட்சி என்றால் நம்மிடம் அதற்கு ஓர் அமைப்பு உண்டு: நோவு வந்தது, மருத்துவர் கைவிட்டார், ஜெபித்தோம், சுகம் கிடைத்தது, ஸ்தோத்திரம். நடுவில் உள்ளவர்களுக்கு, முடிவு வேறு மாதிரி ஆனவர்களுக்கு, மைக் இல்லை. தென்காசி வட்டாரம் இந்தச் சாட்சி மரபுக்கு அன்னியமான இடமும் அல்ல. 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தைத் தொடங்கிய டி.ஜி.எஸ். தினகரன் 1935-இல் பிறந்தது சுரண்டையில். வேலையில்லாத இளைஞனாக, சாவதற்கென்று ரயில் தண்டவாளத்தை நோக்கி நடந்ததையும், வழியில் உறவினர் ஒருவர் தடுத்து இயேசுவைப் பற்றிப் பேசியதையும் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். ஜெபத்துக்குப் பதில் கிடைக்கும் என்று தமிழ்நாட்டில் மிக உரத்துச் சொன்ன குரல், பதிலே இல்லாத ஓர் இடத்திலிருந்துதான் புறப்பட்டது. பிற்பாடு 1986-இல் அவர் தன் மகளைச் சாலை விபத்தில் இழந்தார். ஊழியம் தொடர்ந்தது. முதல் கதையைச் சொன்ன அளவுக்கு இரண்டாவதை நம் கூட்டங்கள் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் என் அத்தை போன்றவர்களுக்கு உபயோகப்பட்டிருக்கும்.

சங்கீத புத்தகத்தைத் தொகுத்தவர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடுகள் என்பது வேத அறிஞர்களின் பொதுவான கணக்கு. முறையிட்டுத் தொடங்கும் பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே நிற்கிறது. கடைசிச் சொல் விழும்போதும் விளக்கு ஏற்றப்படுவதில்லை. அதன் தலைப்பைப் பாருங்கள். அது கோராகின் புத்திரருடைய பாட்டு, எஸ்ராகியனான ஏமான் பேரில் உள்ளது, இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதாவது பாடகர் குழுவுக்குக் கொடுத்து, ராகம் சொல்லி, சபை நடுவே பாடவைத்திருக்கிறார்கள். ஒருவன் அறைக்குள் தனியாக அழுத அழுகையை எடுத்து எல்லாருக்குமான பாட்டாக்கி, அடுத்த தலைமுறைக்கும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சங்கீதத்துக்கு மெட்டுப் போட்டுப் பாடிய ஒரு கோயிலை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாலாம் வார்த்தையும் இப்படி வந்ததுதான். அது 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கம். சாகும் நேரத்தில் இயேசு தன் சொந்த வார்த்தையைத் தேடவில்லை; சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டின் முதல் அடியைக் கடன் வாங்கினார். அந்தச் சங்கீதம் நம்பிக்கையில் முடிகிறதே, முதல் அடியைச் சொன்னால் முழுப் பாட்டையும் நினைத்ததாகத்தானே அர்த்தம் என்று சிலர் விளக்கம் கொடுப்பார்கள். இருக்கலாம். ஆனால் அவர் வாயில் வந்தது முதல் அடி. அதற்கு மேல் சொல்ல மூச்சு இருந்ததா என்று நமக்குத் தெரியாது. அவசரப்பட்டுக் கடைசி அடிக்கு ஓடுவது, துஷ்டி வீட்டில் பெட்டியை எடுக்கும் முன்னே கருமாதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல.

இனி குற்றாலத்துக்கே திரும்புவோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடிக்கொண்டிருக்கிறாள், குற்றாலநாதர் உலா வருகிறார், பார்க்கிறாள், அவர் போய்விடுகிறார். பாட்டின் பெரும்பகுதி அவர் போன பிறகு நடப்பது. நிலாவைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்கிறாள். நாயகன் திரும்ப வந்து பக்கத்தில் நின்று பேசுகிற காட்சி என்று எதுவும் இல்லை. அவன் வருவான் என்று குறத்தியின் வாயால் கேட்பது மட்டுமே தலைவிக்குக் கிடைக்கிறது. இதை யாரும் அவிசுவாசம் என்று சொன்னதில்லை. பக்தியின் உச்சம் என்றுதான் தமிழ் இதை வாசித்திருக்கிறது. தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகித் தவித்ததும் இதே வரிசைதான். கடவுள் இல்லாத நேரத்தை, காதலன் வராத நேரமாக நம் கவிகள் மாற்றினார்கள். வராதவனைத் திட்டலாம், ஊடலாம், கதவைச் சாத்தலாம். இல்லாத ஒருவனிடம் யாரும் ஊட மாட்டார்கள்.

இந்த வடிவத்தைக் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தவர் இதே நெல்லைச் சீமையில் பிறந்தவர். வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். சரபோஜி மன்னரின் ஆதரவில் பாடினார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் வசந்தவல்லியின் இடத்தில் தேவமோகினி நிற்கிறாள், சீயோன் மகள். பெத்லகேம் நாதரைக் கண்டு அவள் மயங்குகிறாள், ஏங்குகிறாள். ஞானக் குறத்தி வந்து குறி சொல்கிறாள். அந்தக் குறத்தியை விசுவாசம் என்றே வாசிக்கலாம். இது வெறும் இலக்கிய விளையாட்டு என்று சில மிஷனரிகள் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆனால் வேதத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. உன்னதப்பாட்டில் மணவாட்டி கதவைத் திறக்கிறாள், அவன் போயிருக்கிறான். தெருத்தெருவாகத் தேடுகிறாள், காவல்காரரிடம் அடி வாங்குகிறாள். ஸ்பெயினில் புனித சிலுவை யோவான் 1577 டிசம்பரிலிருந்து சுமார் ஒன்பது மாதம், தன் சொந்தத் துறவற சபையாராலேயே டொலேடோவில் சிறு அறையில் அடைக்கப்பட்டுக் கிடந்தபோது அவருக்குப் பாட்டாக வந்ததும், ஒளிந்துகொண்டவனைத் தேடும் மணவாட்டிதான். மேலகரத்துக் கவிராயரும் டொலேடோ கைதியும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

சாஸ்திரியாரை முழுக்கத் தூக்கிவைத்துப் பேசவும் முடியாது. 1829-இல் மிஷனரிகளோடு மோதி அவர் மிஷன் வேலையை இழந்தார். அந்த மோதலில் தமிழ் வழிபாட்டு முறைகளுக்காக அவர் பேசியதும் உண்டு, சபைக்குள் சாதிப் பிரிவினையை விட்டுக்கொடுக்க மறுத்ததும் உண்டு. இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

நெல்லைச் சீமையின் இன்னொரு கிறிஸ்தவக் கவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர், 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையை மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் இரட்சணிய யாத்திரிகமாகச் செய்து 1894-இல் வெளியிட்டார். பனியன் எழுதிய மூலக் கதையில் எனக்கு மறக்காத ஓர் இடம் உண்டு. பயணி மரண நிழலின் பள்ளத்தாக்கில் நடக்கிறான். கும்மிருட்டு. ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் சேறு. தன் மனதிலிருந்து வருகிறதா, யாரோ காதில் ஓதுகிறார்களா என்று தெரியாத அளவுக்குத் தேவதூஷணமான எண்ணங்கள். அப்போது முன்னால் எங்கோ, வேறொரு மனிதன் 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு போவது கேட்கிறது. ஆளைத் தெரியவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை, அவனும் தனியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். பயணிக்கு அது போதுமாக இருக்கிறது. பனியன் பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் இருந்தவர். தேவன் அந்தப் பள்ளத்தாக்கில் பேசினார் என்று அவர் எளிதாக எழுதியிருக்கலாம். இன்னொரு பயணியின் குரல் கேட்டது என்று எழுதினார்.

எங்கள் மலைத்தொடரிலேயே இன்னும் தெற்கே, களக்காட்டுப் பக்கம், டோனாவூர் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேலின் கதையை ஓய்வுநாள் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையும் ஒப்பிக்கும். அயர்லாந்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தார், காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண். பிறகு இந்தியாவில் சேலை கட்டிப் பெண்பிள்ளைகளை மீட்கப் போனபோதுதான் அந்தக் கண்ணின் காரணம் தெரிந்தது என்று கதை முடியும். இல்லை என்பதும் ஒரு பதில்தான் பிள்ளைகளே, என்பார் ஆசிரியை. சரிதான். ஆனால் அவருடைய வாழ்க்கையில் இன்னொரு 'இல்லை' இருக்கிறது, அதை ஓய்வுநாள் பள்ளியில் சொல்வதில்லை.

1931 அக்டோபர் 24. தனக்கு என்ன வேண்டுமானாலும் செய்யும், ஊழியத்துக்குத் தகுதியாக்கினால் போதும் என்று அன்று காலை அவர் ஜெபித்திருந்தார். சாயங்காலம் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். கழிப்பறைக்காகத் தவறான இடத்தில் வெட்டியிருந்த குழி இருட்டில் தெரியவில்லை. விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1951 ஜனவரி 18-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரே அறைக்குள் கிடந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள், தாங்கள் அம்மா என்று அழைத்த அவருடைய சுகத்துக்காக ஜெபித்த இடம் அது. அதற்கு முன்பே, 1915-இல், தனக்கு வலதுகையாக இருந்த பொன்னம்மாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பிறகு 1939-இல் படுக்கையில் கிடந்தபடியே, மகளாக வளர்த்த அருளாயையும் இழந்தார்.

படுக்கையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். 1933-இல் வந்த ஒன்று நோயாளிகளுக்கு நோயாளி எழுதிய கடிதங்கள். சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தன்னைத் தொடவில்லை என்ற எரிச்சலில் பிறந்த புத்தகம் அது. அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. தேவன் இல்லை என்று அவர் ஒருநாளும் எழுதியவர் இல்லை. ஆனால் அந்தக் குழிக்கு நீலக் கண் கதையைப் போல ஒரு விளக்கத்தை அவர் கண்டுபிடித்துக் கொடுத்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. விளக்கம் இல்லாமலே ஏற்றுக்கொண்டார். டோனாவூரில் அவர் கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. அவர் வேண்டாம் என்றதால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அம்மா என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

கொல்கத்தாவின் அன்னை தெரசாவின் தனிக்கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்ததாகச் சொன்னார்கள். ஏழைகளுக்கான பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து சாகும்வரை, ஏறக்குறைய ஐம்பது வருஷம், தேவனுடைய பிரசன்னத்தை அவர் உணரவேயில்லை. நடுவில் 1958 அக்டோபரில், பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தையின் மறைவுக்கான திருப்பலியின்போது இருள் விலகிச் சில வாரம் வெளிச்சமாக இருந்தது, மறுபடி மூடிக்கொண்டது. அந்தக் கடிதங்களை எரித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். நாத்திகர்கள் சிலர், பார்த்தீர்களா, அவருக்கே நம்பிக்கை இல்லை என்றார்கள். பக்தர்கள் சிலர், இது உயர்ந்த ஞானிகளுக்கு மட்டும் வரும் பரிசு என்று சொல்லி அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இரண்டு பேருமே அவசரக்காரர்கள். அவருக்கு உண்மையில் உதவியது 1961-இல் தியானம் நடத்த வந்த ஜோசப் நாய்னர், புணேயில் இறையியல் கற்பித்த இயேசு சபைக் குரு. இதற்கு மனித மருந்து கிடையாது, இது உங்கள் குற்றமும் இல்லை, தேவன்மேல் இவ்வளவு தாகம் இருப்பதே அவர் தொட்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம் என்ற பொருளில் அவர் சொன்னார். இருட்டு அதனால் போகவில்லை. அதன்மேல் இருந்த குற்ற உணர்ச்சி போயிற்று. மறுநாளும் தெரசா வேலைக்குப் போனார்.

எல்லா இருட்டையும் இப்படி ஞான இருட்டு என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. எங்கள் கோயில்களில் திருவிருந்து நேரத்தில், இரத்தத்தால் நிறைந்த ஊற்றைப் பற்றிய ஒரு பழைய பாட்டைப் பாடாத வருஷம் கிடையாது. அதை ஆங்கிலத்தில் எழுதிய வில்லியம் கூப்பர் 1773-இல் மனம் முறிந்து, தேவன் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று முடிவுகட்டினார். 1800-இல் சாகும்வரை அந்த எண்ணம் அவரை விட்டு முழுதாக விலகவே இல்லை. கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். பாட்டுகள் 1779-இல் அச்சாயின. லட்சக்கணக்கானோர் அவற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். எழுதியவர் வெளியே நின்றார். அது விசுவாசக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது நோய். இன்றைக்கு அதற்கு மருத்துவர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, அரசின் 104 எண்ணில் பேச ஆள் இருக்கிறார்கள். தூக்கம் போய், பசி போய், சாகவேண்டும் என்ற நினைப்பு வந்த ஒருவரிடம் இன்னும் மூன்று நாள் உபவாசம் இரு என்று சொல்லும் ஐயரை, உபதேசியாரை, ஜெபக்குழுத் தலைவியைத் தயவுசெய்து யாராவது தடுங்கள்.

இன்னொரு விதமான இல்லாமையும் உண்டு. அதற்குக் காரணம் தேவனல்ல, சபை. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. மேற்கு மலையடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெண், ஏழைகளுக்குச் சேவை செய்ய ஆசைப்பட்டு மடத்துக்குள் போய், ஏழு வருஷத்தில் வெளியே வந்த கதை. மடத்துக்குள் இருந்த கடவுளுக்கும் தன் தெருவில் இருந்த கடவுளுக்கும் சம்பந்தமில்லை என்று அவள் கண்டாள். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு மூலை ஒதுக்கிய சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சபை உள்ளேயே நிறுத்தி ஓரமாக்கியது. இப்படிப்பட்டவர் தேவன் தூரமாகத் தெரிகிறார் என்றால் அவருக்கு ஜெபக் குறிப்பு கொடுத்தனுப்புவது அயோக்கியத்தனம். வழியை மறித்துக்கொண்டு நிற்பவர்கள் நகரவேண்டும். சாஸ்திரியாரின் தேவமோகினி எவ்வளவு உருகினாலும், அவள் எந்தத் தெருப் பெண் என்று கேட்கிற சபையில் அவளுடைய உருக்கம் பாதிதான்.

முடியாமல் சபையை விட்டுப்போகிறவர்களும் இருக்கிறார்கள். என் கூடப் படித்தவர்களிலேயே நாலைந்து பேர். அவர்களில் சிலர் உள்ளே இருப்பவர்களைவிட நேர்மையாகக் கேள்வி கேட்டவர்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் திட்டம் எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை.

தங்கியவர்களைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல முடியும். இவ்வளவு பேரில் யாரும் உணர்ச்சியைக் கசக்கிப் பிழிந்து விசுவாசத்தை வரவழைக்கவில்லை. கடன் வாங்கினார்கள். சங்கீதக்காரன் பாட்டை இயேசு வாங்கினார், குற்றாலத்து மெட்டைச் சாஸ்திரியார் வாங்கினார், முன்னால் போனவன் குரலைப் பயணி வாங்கினான். லூத்தர் மனம் தவித்த நேரங்களில் தன் உள்ளத்தைத் தோண்டிப் பார்க்காமல், தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்ற, தனக்கு வெளியே நடந்து முடிந்த ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டார். நான் நம்புகிறேனா என்று தெரியாத ஞாயிற்றுக்கிழமையில், நாங்கள் நம்புகிறோம் என்று விசுவாசப் பிரமாணத்தைப் பக்கத்திலிருப்பவர் சொல்ல, அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொள்ளலாம். தனியாகச் சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று பயப்படுகிறவருக்கும் அங்கே இடம் இருக்கிறது.

அத்தை சின்னப் பிள்ளையாகத் தென்காசிக்கு வந்தபோதெல்லாம் பார்த்தது மொட்டைக் கோபுரம். காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் இடி விழுந்து பிளந்து, தலைமுறைக் கணக்கில் அப்படியே நின்றது. 1990-இல்தான் மறுபடி எழும்பியது. கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்கு என்றைக்காவது பழுது வந்தால் அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவர் காலில் விழுகிறேன் என்று அதற்குப் பொருள். இடிந்த வாசல் வழியாக உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை தலைமுறை. நம் கோயில்களில் எத்தனை பேர் கட்டும்போதே இடியை நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

போன புனித வெள்ளிக்கு அத்தையோடு கோயிலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல வெயில், நாலாம் வார்த்தைக்குக் கரண்டு போய்விட்டது. பிரசங்கியார் மைக் இல்லாமல் கத்திப் பேசினார். குற்றாலத்து அருவி வந்தது, ஜூன் மாசம் வந்தது. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டு. அவளுக்கு அந்தப் பக்கம் எண்பது தாண்டிய ஒரு ஆச்சி, கண்ணில் புரை. பாட்டுப் புத்தகம் வாசிக்க முடியாது, மனப்பாடமும் விட்டுவிட்டுத்தான் வரும். ஒவ்வொரு சரணம் தொடங்கும்போதும் அத்தை குனிந்து ஆச்சியின் காதில் முதல் இரண்டு வார்த்தையைச் சொல்கிறாள். ஆச்சி பிடித்துக்கொண்டு பெருங்குரலில் பாடுகிறாள். அடுத்த சரணம் வரும்வரை அத்தை வாயை மூடிக்கொண்டு, விரலை அந்த வரியில் வைத்தபடி காத்திருக்கிறாள்.